சிவப்புச் சட்டைக்குள் யார் இருந்தார்கள்?

இது கொஞ்சம் நீளமான பதிவு. தவணை விடுமுறை என்பதால் எழுத நேரம் கிடைத்தது. நேரம் உள்ளவர்கள் வாசியுங்கள்.

எங்களைத் தெரிந்தவர்களுக்கு எங்கள் பைத்தியமும் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறோம். நாங்கள் இருவரும் ஆசிரியர்கள். கல்வியியற் கல்லூரியில் ஒரே பேட்ச். பிறகு கல்யாணம் முடித்து, இப்போது பட்டிப்பொலயில் விடுதியில் இருக்கிறோம். ஒருவருக்கு வரலாறு, மற்றவருக்குச் சித்திரம். பாடசாலை விட்டு வந்து, அஸர் தொழுது, தேத்தண்ணி குடித்துவிட்டு நாங்கள் உட்காரும் வேலை, ஓர் அங்குல உயரம்கூட இல்லாத பிளாஸ்டிக் சிப்பாய்களுக்குப் பெயின்ட் பூசுவது. பூசி முடித்ததும் அவர்களை மேசையில் நிறுத்தி, தாயக்கட்டை உருட்டி, அளவுகோலால் அளந்து நகர்த்தி, பழைய போர் ஒன்றைத் திரும்ப நடத்திப் பார்ப்போம்.

சின்னப்பிள்ளை விளையாட்டு என்று சிரிப்பவர்கள் சிரிக்கலாம். 1824இல் பிரஷ்ய இராணுவத்தில் ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி, வரைபடத்தின் மேல் கட்டைகளை நகர்த்திப் போர் பழகும் முறையைத் தன் மேலதிகாரிகளுக்குக் காட்டினார். அங்கே அது உத்தியோகம். 1893இல் இங்கிலாந்தில் பிரிட்டன் குடும்பத்தார் உள்ளே வெறுமையான ஈயச் சிப்பாய்களை வார்க்கத் தொடங்கியபோது ஈயம் குறைந்தது, விலையும் இறங்கியது, பொம்மைப் படை பல வீடுகளுக்குள் போனது. 1913இல் எச். ஜி. வெல்ஸ், விஞ்ஞானக் கதைகள் எழுதிய அதே வெல்ஸ், 'லிட்டில் வார்ஸ்' என்று இந்த விளையாட்டுக்கே ஒரு புத்தகம் போட்டார். பொம்மைகளை வைத்து நாலு முறை விளையாடிப் பார்த்தாலே உண்மையான போர் எவ்வளவு பெரிய குழறுபடி என்று விளங்கிவிடும் என்பது அவருடைய எண்ணம். அடுத்த வருடமே உலகப்போர் வந்தது. யாரும் விளையாடிப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

எங்களுக்குச் சிப்பாய்கள் வருவது டோஹாவில் வேலை செய்யும் மச்சான் மூலம். 72இல் ஒரு பங்கு அளவு. ஒரு பெட்டிக்குள் நாற்பது ஐம்பது பேர் சட்டத்தோடு ஒட்டியபடி இருப்பார்கள். வெட்டி எடுத்து, சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, சோடா மூடியில் ஆளுக்கொருவராக ஒட்டுவோம். இந்தப் பிளாஸ்டிக் மெதுவானது. நேரே பெயின்ட் பூசினால் துப்பாக்கி முனை ஒருமுறை வளைந்ததும் பெயின்ட் உரிந்துவிடும். அதனால் முதலில் பைண்டர் கம்மில் தண்ணீர் கலந்து ஒரு பூச்சு. அது காய்ந்தபின் கறுப்பு அடிப்பூச்சு. அதற்கு மேல் நிறங்கள். கடைசியில் தண்ணீராகக் கரைத்த கரும்பழுப்பை ஊற்றினால் அது மடிப்புகளுக்குள் போய்த் தங்கி நிழலாகும். மேடான இடங்களில் காய்ந்த தூரிகையால் வெளிர் நிறத்தைத் தடவினால் அது வெளிச்சமாகும். ஓர் அங்குல மனிதனுக்கு உண்மையான நிழல் விழாது, நாங்கள்தான் வரைந்து கொடுக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தைச் சித்திர வகுப்பில் விளக்கப் பல வாரம் போகும். சிப்பாயைக் கையில் கொடுத்தால் பத்து நிமிடம் போதும்.

பட்டிப்பொல இதற்கு ஏற்ற ஊர் இல்லை. கடல் மட்டத்திலிருந்து 6,200 அடிக்கு மேலே, நாட்டிலேயே உயரமான புகையிரத நிலையம் உள்ள ஊர். பகல் இரண்டு மணிக்கே மூடுபனி ஜன்னலுக்குள் வந்துவிடும். அந்த ஈரத்தில் ஸ்ப்ரே அடித்தால் மாவு தூவியது போலத் திப்பி திப்பியாக நிற்கும். வார்னிஷ் வெள்ளை பூத்துவிடும். காலை பத்து மணிக்கு வெயில் விழுந்தால் அந்த ஒரு மணித்தியாலம்தான் எங்களுக்கு. ஒரே ஒரு நன்மை உண்டு. கொழும்பில் இருப்பவர்கள் தட்டில் பெயின்ட் காய்ந்துவிடுகிறது என்று ஈரப் பஞ்சு, எண்ணெய்த்தாள் என்று ஏற்பாடு செய்கிறார்கள். எங்கள் தட்டில் காலையில் பிழிந்த பெயின்ட் மாலையிலும் அப்படியே இருக்கும்.

இனி விஷயத்துக்கு வருகிறோம்.

பெட்டியில் வருவது ஐரோப்பியப் போர்களின் ஆட்கள். வாட்டர்லூ, நெப்போலியன், ரஷ்யா. எங்களுக்கு வேண்டியது 1803, கண்டி. பிள்ளைகளுக்கு வரலாற்றுப் பாடத்தில் கண்டி இராசதானி வருகிறது. மேசையில் ஒன்றை நடத்திக் காட்டுவதென்றால் அவர்கள் காலுக்குக் கீழே உள்ள மலையில் நடந்ததையே காட்ட வேண்டும் என்று நினைத்தோம்.

அந்தக் கதை சுருக்கமாக இது. 1803 ஜனவரி கடைசியில் ஜெனரல் மக்டவல் கொழும்பிலிருந்து கண்டியை நோக்கிப் படையோடு புறப்பட்டார். திருகோணமலையிலிருந்து பார்பட் இன்னொரு படையோடு வந்தார். பெப்ரவரியில் போய்ச் சேர்ந்தபோது நகரம் காலி. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்க மன்னர் ஆட்களோடு மலைக்குள் போய்விட்டார். பிரித்தானியர் முத்துசாமி என்பவரை அரியணையில் வைத்தார்கள், அவரை அரசரென்று ஏற்க ஆளில்லை. பிறகு மழை, காய்ச்சல், சாப்பாட்டுத் தட்டுப்பாடு. ஜூன் 24ஆம் திகதி கண்டிப் படை தாக்கியபோது பொறுப்பில் இருந்தவர் மேஜர் டேவி. அன்றே சரண். திருகோணமலைக்குப் போகலாம் என்ற வாக்கை நம்பி வெளியேறியவர்கள் வட்டபுலுவவில் மகாவலி பெருக்கெடுத்து ஓட, கடக்க முடியாமல் நின்றார்கள். முத்துசாமியைக் கேட்டு ஆள் வந்தது, ஒப்படைத்தார்கள். அதன் பிறகு அங்கே நடந்தது படுகொலை. கண்டியில் விட்டுவந்த நோயாளிகளுக்கும் அதே கதி. கோப்ரல் பார்ன்ஸ்லி என்ற ஒருவர் கழுத்தில் வெட்டுக் காயத்தோடு தப்பி, மாத்தளைப் பக்கக் கோட்டைக்குப் போய்ச் செய்தி சொன்னார். டேவி கைதியாகவே பல வருடம் இருந்து இறந்தார்.

முதலில் 19ஆவது படைப்பிரிவைப் பூசினோம். சிவப்புச் சட்டை, கழுத்துப் பட்டியும் கையோரமும் பச்சை. அந்தப் பச்சையால்தான் அவர்களுக்கு 'கிரீன் ஹவர்ட்ஸ்' என்று பெயர். ஒரே காலத்தில் ஹவர்ட் என்ற பெயரில் இரண்டு கேர்ணல்கள் இருந்ததால் நிறத்தை வைத்துப் பிரித்துக் கூப்பிட்டார்களாம். எங்கள் பெட்டியில் இருந்தவர்கள் வாட்டர்லூக் காலத்து ஆட்கள். அவர்களின் தொப்பி முன்பக்கம் உயர்ந்திருக்கும், அது 1812க்குப் பிந்தியது. ஒவ்வொன்றாக பிளேடால் சீவி 1803க்குக் கொண்டு வந்தோம். இருபது பேர் முடிந்ததும் அழகாகத்தான் இருந்தது. பெட்டியோடு வந்த பெயின்ட் செட்டில் 'ஃபிளெஷ்' என்று ஒரு போத்தல், அதாவது சதை நிறம். திறந்தால் ரோஸ். இருபது முகத்துக்கும் அதுவே பூசினோம், 19ஆவது படைக்கு அது சரி.

அதற்குப் பிறகு கையைக் கட்டிக்கொண்டு யோசிக்க வேண்டியதாயிற்று. வட்டபுலுவவுக்கு நடந்த வரிசையில் வெள்ளைக்காரர் கொஞ்சப் பேர். அவர்களைவிடப் பல மடங்கு மலாய்ச் சிப்பாய்கள். எங்கள் பெரியவர்கள் 'ஜாவா ஆக்கள்' என்று சொல்வார்களே, அவர்கள். அவர்களோடு பீரங்கி இழுக்க, சாமான் தூக்க இந்தியாவிலிருந்து வந்தவர்கள். பாடத்தில் 'ஆங்கிலேயப் படை' என்று ஒரே சொல்லில் எல்லோரையும் முடித்துவிடுவது வழக்கம். அந்தச் சொல்லுக்கு ரோஸ் போத்தல் போதும். வரிசைக்குப் போதாது.

எனவே நாங்களே கலந்தோம். காவிப் பழுப்பு, கொஞ்சம் மஞ்சள் மண் நிறம், ஒரு துளி வெள்ளை. எத்தனை பங்கு என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தபோது, சனிக்கிழமை உதவிக்கு வரும் பிள்ளைகளில் ஒருவன் கேட்டான்.

"சேர், இவங்க இங்கிலீஷ்காரங்கதானே? ஏன் கறுப்பா பூசுறீங்க?"

கதையைச் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு தூரிகையை எடுத்துத் தன் மணிக்கட்டில் ஒரு கோடு இழுத்து, காயவிட்டுப் பார்த்தான். "இன்னும் கொஞ்சம் மஞ்சள் போடுங்க சேர்," என்றான். மற்றப் பிள்ளைகளும் கையை நீட்டினார்கள். ஐந்து கைகளில் ஐந்து கோடு. அந்த ஐந்து கலவையையும் ஐந்து தயிர்க் கோப்பை மூடியில் குறித்து வைத்திருக்கிறோம். எங்கள் மலாய்ப் படைக்கு ஒரே முகநிறம் கிடையாது.

மலாய்ச் சிப்பாயின் இடுப்பில் கிரிஸ் இருக்க வேண்டும். அந்தக் குறுவாளைத் துப்பாக்கியோடு சேர்த்தே வைத்திருப்பார்கள். உறையின் மேல் பகுதி சின்னப் படகு போல இருபக்கமும் விரிந்திருக்கும். அந்த அளவில் அதை எதால் செய்வது? ஹிஜாப் ஊசி! தலையைத் தட்டித் தட்டையாக்கி, அரை சென்ரிமீற்றரில் வெட்டி, சூடாக்கி இடுப்பில் குத்தினால் அச்சு அசலாக இருக்கிறது. கண்டிப் பக்கத்துக்கு வேறு பிரச்சினை. உள்ளூர்த் துப்பாக்கியின் அடிக்கட்டை இரண்டாகப் பிளந்திருக்கும், விசை இடப்பக்கம் இருக்கும். மூன்று காலில் நிற்கும் கொடிதுவக்கு வேறு. அதற்குக் குடைக் கம்பி. வாளின் பிடியில் சிங்கத் தலை இருக்க வேண்டும், நாங்கள் ஒரு மஞ்சள் புள்ளி வைத்தோம். சிங்கம் என்று நம்புகிறவர்களுக்குச் சிங்கம்.

கப்டன் நூருத்தீனைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. சுலவேசித் தீவில் கோவா என்றொரு அரசு இருந்தது, இந்தியாவின் கோவா வேறு. அந்த அரசரை ஒல்லாந்தர் பிடித்து இலங்கைக்கு நாடுகடத்தினார்கள். அவருடைய மக்கள் இங்கே சிப்பாய்களானார்கள். ஒல்லாந்தர் போய்ப் பிரித்தானியர் வந்ததும் அதே ஆட்கள் அவர்களுடைய படையில். நூருத்தீன் டேவியோடு கண்டியில் இருந்த மலாய் அதிகாரி. அவருடைய சகோதரர் சங்குங்லோ மறுபக்கம், கண்டி மன்னரின் மலாய்ப் படைக்குத் தலைவர். ஜூன் 24 தாக்குதலில் சங்குங்லோ இறந்தார். பிடிபட்ட நூருத்தீனிடம் மன்னர் தன் படைக்கு வரும்படி கேட்டார். அவர் மறுத்தார். இன்னொரு சகோதரர் சைபுத்தீனும் மறுத்தார். இருவருக்கும் மரண தண்டனை. மலாய்ச் சிப்பாய்கள் பலர் மன்னரின் பக்கம் போனார்கள், பிழைத்தார்கள்.

இதை வகுப்பில் சொன்னால் சத்தம் வரும். ஒருவன் "துரோகி" என்பான், வெள்ளைக்காரனுக்காகச் செத்தவன் என்பான். இன்னொருத்தி "வாக்குக் கொடுத்தா காப்பாத்தத்தானே வேணும்" என்பாள். எங்களுக்கு அவரை வீரராகத் தூக்கி வைக்கவும் மனமில்லை, துரோகி என்று தள்ளவும் மனமில்லை. அவருக்குச் சொந்தமாக ஒரு படை எங்கேயும் இருக்கவில்லை. தகப்பனை நாடுகடத்தியவர்களின் படை, அவர்களை விரட்டியவர்களின் படை, இன்னொரு அரசரின் படை. மூன்றும் அந்நியம். விளையாட்டில் அந்த இடம் வரும்போது நாங்கள் தாயக்கட்டையை எடுத்து வைத்துவிடுவோம். நூருத்தீனை நடத்தும் பிள்ளை தானாகவே முடிவு சொல்ல வேண்டும். இதுவரை நான்கு முறை விளையாடினோம், இரண்டு பேர் போனார்கள், இரண்டு பேர் மறுத்தார்கள். மறுத்த ஒரு பிள்ளை, சங்குங்லோவின் பொம்மை ஏற்கெனவே கவிழ்ந்து கிடப்பதைக் காட்டி, "சேர், இவருக்குத் தெரியுமா, நானா மௌத்தானது?" என்று கேட்டது.

உம்மாவின் விஷயத்தையும் சொல்லிவிடுகிறோம். கம்பளையிலிருந்து விடுமுறைக்கு வந்த உம்மா ஷோகேசில் வரிசையாக நின்ற சிப்பாய்களைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "உருவம் வெச்ச வீட்டுக்கு மலக்குமார் வரமாட்டாங்க எண்டு தெரியாதா? ரெண்டு பேரும் படிப்பிக்கிற ஆக்கள்." நாங்கள் இதைத் தட்டிக்கழிக்கும் விஷயமாக எடுக்கவில்லை. உருவம் பற்றிய ஹதீஸ்கள் இருக்கின்றன, அறிஞர்களிடையே கருத்து வேறுபாடும் இருக்கிறது. பிள்ளைகள் விளையாடும் பொம்மைக்கு விலக்கு உண்டு என்று பலர் சொல்கிறார்கள். ஆயிஷா நாயகி (ரலி) அவர்களின் பொம்மைகளுக்கு நடுவே துணியால் சிறகு வைத்த குதிரை ஒன்று இருந்ததும், குதிரைக்குச் சிறகா என்று கேட்ட நபி (ஸல்) அவர்களிடம் சுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகு இருந்ததே என்று அவர் சொன்னதும், நபியவர்கள் கடைவாய்ப் பல் தெரியச் சிரித்ததும் அபூதாவூதில் வருகிறது. உம்மாவுக்கும் அது தெரியும். "அது வெளயாட்டு. நீங்க வெச்சிருக்கிறது அலங்காரம்," என்றார்.

யோசித்தால் அவர் சொன்னதில் விளையாட்டுக்கே பொருந்தும் ஒரு நியாயம் இருந்தது. ஷோகேசில் நிற்கும் சிப்பாய்க்குத் தோல்வியே இல்லை. அழகாக நிற்பான், அவ்வளவுதான். மேசையில்தான் காய்ச்சல் வரும், ஆறு பெருகும், கவிழ்த்து வைப்போம். இப்போது எல்லோரும் பிஸ்கட் டின்னுக்குள் இருக்கிறார்கள். விளையாட எடுப்போம், முடிந்ததும் மூடுவோம். அடுத்த முறை வந்த உம்மா டின்னைத் திறந்து பார்த்து, துருப்பிடிக்கும், அடியில் அரிசி போட்டு வை என்றார். அரிசி போட்டிருக்கிறோம்.

விளையாட்டின் விதிகளை நாங்களே எழுதினோம். வெளிநாட்டு விதிப் புத்தகங்கள் எல்லாம் வெட்டவெளியில் இரண்டு படைகள் எதிரெதிரே நிற்பதற்காக எழுதியவை. எங்கள் மேசையில் ஆங்கிலேயர் பக்கம் ஆடும் பிள்ளை மூன்றாவது சுற்றிலேயே கண்டிக்குள் போய்விடும். "சேர், வின்!" என்று கத்தும். சண்டை பிடிக்க ஆள் இல்லை. நான்காவது சுற்றிலிருந்து ஒவ்வொரு சுற்றுக்கும் காய்ச்சலுக்கு உருட்ட வேண்டும். ஒன்று, இரண்டு விழுந்தால் ஒரு சிப்பாய் ஆஸ்பத்திரிக்கு. எட்டாவது சுற்றில் நடக்கக் கூடியவர்களைவிடப் படுத்திருப்பவர்கள் அதிகம். கண்டிப் பக்கம் ஆடும் பிள்ளை அதுவரை ஒரு துப்பாக்கியும் சுட்டிருக்காது. சும்மா இருப்பதும் ஒரு யுத்த முறை என்று கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகள் கொப்பியில் எழுதிக்கொள்வார்கள். மேசையில் பார்த்தால் கோபப்படுகிறார்கள். கோபப்பட்டால் மறக்கமாட்டார்கள்.

ஒரு தகப்பன் வந்து நேரே கேட்டார். "இந்த நாட்டுல முப்பது வருசம் சண்ட நடந்தது போதாதா டீச்சர்? பிள்ளைகளுக்குச் சண்ட வெளயாட்டு எதுக்கு?" கேட்க வேண்டிய கேள்விதான். எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. 1815க்குப் பிந்திய எதுவும் எங்கள் மேசைக்கு வராது. உயிரோடு இருக்கும் யாருடைய பிள்ளையும், அண்ணனும் பிளாஸ்டிக்கில் கவிழ்ந்து கிடக்கக் கூடாது. அவரையும் ஒரு சனிக்கிழமை வரச் சொன்னோம். வந்தார். வட்டபுலுவ கட்டம் வரை இருந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். மகனை நிறுத்தவில்லை.

தரையைப் பற்றி ஒன்று. சிப்பாய் நிற்கும் வட்டத்தில் கம் தடவி, ஊற்றிக் காயவைத்த தேயிலைச் சக்கையைத் தூவினால் காட்டுத் தரை போலவே இருக்கும். விலை கொடுத்து வாங்கும் பொருள்கூட அப்படி வராது. பிள்ளைகள் இதைப் பார்த்துவிட்டு, மேசையில் மலை செய்தபோது பச்சைக் கம்பளி நூலால் வரிசை வரிசையாகத் தேயிலைச் செடியும் நட்டுவிட்டார்கள். அவ்வளவு நேர்த்தி, பிடுங்க மனமே வரவில்லை. ஆனால் 1803இல் இந்த மலையில் தேயிலைத் தோட்டம் ஏது? ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் நட்டது 1867இல். அதற்கு முன்னால் கோப்பி, அதற்கும் முன்னால் காடு. "அப்ப எங்க ஆளுங்க எங்க சேர் இருந்தாங்க?" என்று ஒரு பிள்ளை கேட்டது.

அந்தக் கேள்வியில்தான் இப்போதைய வேலை தொடங்கியது. 1804இல் கப்டன் ஜோன்ஸ்டன் மட்டக்களப்பிலிருந்து ஏறக்குறைய 300 பேரோடு கண்டி வரை போய், வரவேண்டிய மற்றப் படைகள் எதுவும் வராததால், சுடுபட்டுக்கொண்டே திருகோணமலைக்குத் திரும்பினார். அந்த நடையில் வெள்ளையரும் மலாய்க்காரரும் சிப்பாய்களும் இருந்தார்கள், கூடவே சாமான் தூக்கியவர்களும் பாதை வெட்டியவர்களும் இருந்தார்கள். அந்தக் காலப் படைகள் எல்லாவற்றிலும் அரிசி மூட்டையும் தோட்டாப் பெட்டியும் மலை ஏறியது யாரோ ஒருவரின் தலையில்தான். வெள்ளைக்காரர் எழுதிய குறிப்புகளில் அவர்களுக்கு ஒரு சொல் உண்டு. எங்கள் மேசையில் அந்தச் சொல்லைப் பாவிப்பதில்லை. ஏன் என்று மலையகத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 'சுமைகாரர்' என்கிறோம்.

சுமைகாரர் நாங்கள் வாங்கிய எந்தப் பெட்டியிலும் இல்லை. மேளம் அடிப்பவன் இருக்கிறான், கொடி பிடிப்பவன் இருக்கிறான், குதிரையில் உட்கார்ந்து கையை நீட்டுபவன் பெட்டிக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். மூட்டை தூக்குபவன் இல்லை. நடக்கும் சிப்பாயை எடுத்துத் துப்பாக்கியை வெட்டி, தொப்பியைச் சீவி, சட்டையைக் கத்தியால் சுரண்டி உடம்பாக்கி, கால்சட்டைக்கு மேல் கம்மில் நனைத்த டிஷ்யூவைச் சுற்றி வேட்டியாக்குகிறோம். தலையில் நூல் சுற்றிய பஞ்சு மூட்டை. ஓர் ஆளுக்கு இரண்டு மாலை பிடிக்கிறது. படையில் சாதாரணச் சிப்பாய்களைப் பத்துப் பத்தாக நிறுத்தி ஒரே நிறத்தை ஒரே ஓட்டத்தில் பூசுவது வழக்கம், அதிகாரிக்கு மட்டும்தான் தனியாக நேரம் செலவழிப்பார்கள். இங்கே தலைகீழாகிவிட்டது. சட்டை இல்லாததால் முதுகு முழுவதும் தெரிகிறது, முதுகில் நிழல் போடுவதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வேலை. தயிர்க் கோப்பை மூடிகள் ஐந்தும் பாவனையில் இருக்கின்றன.

உங்களில் மலாய்க் குடும்பத்தவர்கள் இருந்தால், பழைய சட்டைப் பொத்தானோ, கிரிஸ் உறையோ, பாட்டனார் காலத்துப் படமோ வீட்டில் இருந்தால் ஒரு ஃபோட்டோ எடுத்து இன்பொக்ஸில் அனுப்புங்கள், பொருளை அனுப்ப வேண்டாம். கண்டி, பதுளை, அம்பாந்தோட்டைப் பக்கம் உள்ளவர்கள் கட்டாயம் பாருங்கள். தவணை தொடங்கி இரண்டாவது சனிக்கிழமை ஜோன்ஸ்டனின் நடையை முதன்முறையாக விளையாடுகிறோம், பட்டிப்பொலப் பக்கம் வருபவர்கள் வரலாம். காலை பத்துக்கு முன் வாருங்கள், பிறகு மூடுபனியில் வீட்டைக் கண்டுபிடிக்க முடியாது. இன்னும் பதினொரு சுமைகாரர் பாக்கி.